தீப்பெட்டி அளவுப் படம்

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டில் எங்களிடம் இருந்தது பழையதாக வாங்கிய கம்ப்யூட்டர். ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரலாம். வெப்கேமராவோடு வந்த சி.டி.யில் இருந்த பழைய மென்பொருள்தான் அதில் ஓடும். படம் தீப்பெட்டி அளவு, முகம் மங்கல், ஆனால் அசையும். எனக்கு அது போதும். கோவில்பட்டியில் இருந்த என் தங்கைக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம்.

எங்களுக்குள் மட்டும் ஒரு சைகை உண்டு. அம்மா எது கேட்டாலும் அவள் தலையாட்டிவிடுவாள். பிடிக்கவில்லை என்றால் என்னைப் பார்த்துக் காது மடலைத் தேய்ப்பாள். அம்மாவுக்கு இது தெரியாது.

அவளைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் காட்டிவிட்டு அங்கே கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மனதில் இருப்பதை அவளால் எழுத முடியாது. பின்னால் நிற்கிற அத்தனை பேரும் படிப்பார்கள்.

இங்கே திறந்தால் எல்லாம் புதிதாக இருந்தது. முந்தின நாள்தான் என் வீட்டு இன்ஜினியர் கைவைத்திருக்கிறார்.

"புது வெர்ஷன் வந்துச்சு, போட்டேன். எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்றார் கணவர்.

தெளிவுக்கு என்ன குறைச்சல்? கம்மல் கல்லைக்கூட எண்ணலாம். ஆனால் படம் அப்படியே உறைந்து நின்றது. உதட்டில் சிரிப்பு, கை காதில்.

அம்மா போனில் பேசினாள். "பாத்தியாட்டீ? வெக்கத்துல கம்மலத் திருகிக்கிட்டு இருக்கா. தலையையும் ஆட்டிட்டா. பூ வச்சிரலாம்லா?"

திருகுகிறாளா, தேய்க்கிறாளா? பூ வைத்துவிட்டால் கல்யாணம் முடிவானது போலத்தான்.

"அரை மணி நேரம் பொறும்மா."

"நல்ல நேரம் போயிரும்டீ."

"போனாப் போகட்டும்" என்று போனை வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினேன். "யாரு உங்கள மாத்தச் சொன்னது? பழைய சி.டி. எங்கங்க?"

மனுஷன் பால்கனியைப் பார்த்தார். புறாவை விரட்ட அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நல்லவேளை, லுங்கியால் துடைத்துப் போட்டதும் ஓடியது.

தீப்பெட்டி திரும்ப வந்தது. அதற்குள் தங்கை, அதே சிரிப்போடு. காதில் இருந்த கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. படம் வந்துவிடும், அக்கா பார்த்துவிடுவாள் என்று அரை மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மடல் செக்கச் செவேலென்று ஆகிவிட்டதாக அம்மா பிற்பாடு சொன்னாள். எங்கள் படத்தில் அதெல்லாம் தெரியவில்லை.

நானும் என் காது மடலைத் தேய்த்துக் காட்டினேன். அப்புறம்தான் அவள் கையை இறக்கினாள். நான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.