மாலைக்குள் போகவேண்டிய சளி

ஈராண்டுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் செலண்டாரில், தாமான் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் நடந்தது இது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாளாகச் சளி. மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டாள், காய்ச்சல் இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது மனைவி, "சும்மா படுத்துக் கெடக்கட்டும். வெதுவெதுன்னு தண்ணி மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அன்று மாலை மகளின் தோழிக்குப் பிறந்தநாள். "நான் போக முடியாதாப்பா?" என்று பத்து முறை கேட்டுவிட்டாள். மாலைக்குள் அந்த மூக்கைத் திறந்துவிட்டால் நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

கொதிக்கும் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, தைலம் கலந்து, பிளாஸ்டிக் முக்காலியில் வைத்தேன். அவளை எதிரே உட்காரவைத்துத் துண்டால் மூடினேன். வாசலில் ஹாரன் சத்தம். பார்சல் வந்திருந்தது. வாசலுக்குப் போய் கேட்டைத் திறந்தேன். பத்தடிகூட இருக்காது. பின்னால் சட்டி விழுந்த சத்தமும் அவள் அலறலும் ஒன்றாகக் கேட்டன.

தும்மல் வந்து, முட்டி முக்காலியில் இடித்திருக்கிறது. வலது தொடை சிவந்துவிட்டது. பற்பசையை எடுத்து வந்து பிதுக்கப் போனேன்.

"அண்ணே, அத வைக்காதீங்க! பைப் எங்க?"

பார்சல் கொண்டுவந்தவர். நாற்பது வயதிருக்கும். அலறல் கேட்டு என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். நான் மகளைத் தூக்கிக்கொள்ள, அவர் குளியலறைக் குழாயை மெல்லத் திறந்து, தண்ணீர் தொடைமேல் வழியும்படி பிடித்தார்.

"இருபது நிமிசம் இப்படியே இருக்கணும். அவசரப்படாதீங்க லா. முன்ன ஃபேக்டரில வேல செஞ்சப்ப சொல்லிக் குடுத்தாங்க."

அந்த இருபது நிமிடம் நகரவே இல்லை. அவர் போன் விடாமல் அடித்தது. ஒருமுறை எடுத்து, "லேட்டாகும் பாஸ், இங்க ஒரு புள்ளைக்கு சுடுதண்ணி பட்டிருச்சு" என்று வைத்துவிட்டார். வேனில் என்னென்ன பெட்டி இருக்கிறது என்று மகளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றில் பூனைச் சாப்பாடு என்றதும், அழுகைக்கு நடுவே, "எந்தப் பூனைக்கு?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். கட்டுப்போட்ட டாக்டரம்மா, "உடனே தண்ணி விட்டதால மேலோட போச்சு" என்றார். பிறகு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "சளி ஒரு வாரம், பத்து நாள்ல தானா போயிரும். கடையில விக்கிற உப்புத்தண்ணி சொட்டு மூக்குல விடுங்க, குடிக்கக் குடுங்க, தூங்க விடுங்க. மூச்சு வாங்குனாலோ காய்ச்சல் விடாம அடிச்சாலோ கூட்டிட்டு வாங்க. புள்ளைங்களுக்கு ஆவி மட்டும் வேணாம்."

மனைவி வந்து கட்டைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தலை குனிந்து நின்றேன். "உங்க கையில எதும் படலையே?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

சளி ஆறாம் நாள் தானாகப் போய்விட்டது. தழும்பு மறையத்தான் மாதக்கணக்கானது. இப்போதும் அவளுக்கு மூக்கடைத்தால் என் கை எதையாவது செய்யத் துடிக்கிறது. குடிக்கக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் வைத்தியம்தான் என்பதை நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.