பரசூட் நாற்று

அம்மா வவுனியாவிலிருந்து வந்து பஸ்ஸால் இறங்கியபோது கையில் ஒரு பெரிய பொதி இருந்தது. கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டியவை. ஒவ்வொரு தட்டிலும் விரல்நுனி மட்டும் போகக்கூடிய குழிகள் வரிசையாக இருந்தன. நான் ஒன்றை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தேன். குழிகளின் அடியில் இருந்த சின்ன ஓட்டைகளால் வெளிச்சம் புள்ளிபுள்ளியாக என் சட்டையில் விழுந்தது.

"என்னம்மா இது?"

"பரசூட்" என்றார் அம்மா. "இனி எங்கட வயல் பரசூட் முறைதான்."

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். பரசூட் என்றால் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தில் படம் இருந்தது. பெரிய குடை ஒன்றில் தொங்கிக்கொண்டு ஒரு மனிதர் வானத்திலிருந்து இறங்கிவருவார். ஆகவே நெல்லும் அப்படித்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். குளத்துக்கு மேலே வெள்ளைக் குடைகள் ஆயிரமாய் மிதந்துவரும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நெல்மணி தொங்கும், அவை மெல்லமெல்ல எங்கள் வயலில் இறங்கும். வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போதும் நான் யன்னலால் அந்தக் குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அந்தப் பயிற்சிக்குப் போகவேண்டியவர் பெரியப்பா. விவசாயப் போதனாசிரியர் ஒருவரால் எத்தனை ஊருக்குத்தான் ஓடமுடியும்? அதனால் ஊருக்கு ஒரு விவசாயியைக் கூப்பிட்டுப் பழக்கி, அவரைக்கொண்டே தன் ஊராருக்குப் பழக்குவது என்று ஏற்பாடு. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற விவசாயிகளுக்குப் பெரியப்பாதான் தலைவர். ஆனால் அவருக்கு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினைத் திருத்துகிற வேலை இருந்தது. சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்து கேட்டுவிட்டு வருகிற அலுவல்தானே என்று அம்மாவை அனுப்பிவிட்டார். அம்மா கேட்டதோடு நிற்காமல் நம்பிவிட்டும் வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

காலபோக மாரிமழை தொடங்கியதும் ஊரெல்லாம் வழக்கம்போல் நெல்லை வீசி விதைத்தது. அம்மா மட்டும் வாய்க்கால் ஓரத்து வயலை விதைக்காமல் விட்டார். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். அது பொய்த்தால் அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை. சுற்றிவர எல்லாம் பச்சையாகிக்கொண்டு வர, நடுவில் எங்கள் வயல் சேறாகக் கிடந்தது. பெரியப்பா காலையில் வரம்பில் வந்து நின்று, "நாற்றை வானத்துக்கு எறிஞ்சு பயிர் செய்யிற கதையை இப்பதான் கேக்கிறன்" என்பார். அப்பா அந்த வரம்பை விட்டு வேறு வழியால் போகத் தொடங்கினார்.

அம்மாவுக்குத் துணையாக நின்றவர் பெரியம்மா ஒருவர்தான். பெரியப்பாவின் மனைவி. அதிகம் கதைக்கமாட்டார். குசினிக்குள் பாம்பு வந்தால் ஆண்கள் தடி தேடுவதற்குள் அவர் அலுவலை முடித்திருப்பார். குளம் நிரம்பி ஓடும்போது வாய்க்காலில் முதலில் இறங்குகிறவரும் அவர்தான். இரண்டு பேரும் எங்கள் முற்றத்தில் இருந்து, தட்டுகளின் குழிகளில் சேறும் எருவும் நிரப்பி, முளைகட்டிய நெல்லை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றாக இட்டார்கள். பிறகு ஈரச்சாக்கால் மூடினார்கள். ஒருநாள் சாக்கை எடுத்தபோது தட்டெல்லாம் பச்சைமயிர் முளைத்திருந்தது. குடைகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. எறிகிற அன்றைக்கு வரும் என்றிருந்தேன்.

அந்தக் காலையில் வயலைச் சுற்றி வரம்பு முழுக்க ஆட்கள். அம்மா சேற்றில் நின்றபடி பேசத் தொடங்கினார். குரல் நடுங்கியது. சொல்லவந்ததைப் பாதியில் விட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினார். அப்போது மலையகத்திலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்து வயலைச் செய்கிற அக்கா, "நாத்து நட்டா நல்லா விளையும், ஆனா குனிஞ்சு நட்டு முதுகு போயிருதுங்க. இதுல முதுகு தப்புமா?" என்று கேட்டார்.

"தப்பும். குனியவே தேவையில்லை" என்று அம்மா சிரித்தார். அதோடு நடுக்கம் போய்விட்டது. ஒரு பிடி நாற்றை எடுத்து மேலே எறிந்தார்.

அதை இப்போதும் என்னால் பார்க்கமுடியும். நாற்றுகள் வானத்தில் ஏறி, ஒரு கணம் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றன. பிறகு வேரைப் பிடித்திருந்த மண்கட்டிகள் அவற்றைத் திருப்பி விட்டன. வேர் கீழாகவும் இலை மேலாகவும், சின்னச்சின்னப் பச்சைக் குடைகளாக அவை வந்து சேற்றில் இறங்கின. பொத், பொத் என்று மெல்லிய சத்தம். நான் கனவில் கண்டதைவிட அது நன்றாக இருந்தது.

கீழே பார்த்தபோது பெரியம்மா சேற்றில் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் தலையை மூடி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்திருந்தார். வரம்பில் நின்ற வேறு சிலரும் குனிந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சண்டை முடிந்தபோது நான் கைக்குழந்தை. ஷெல் விழுந்த நாட்களைப் பற்றி எங்கள் வீட்டில் என் முன்னால் யாரும் கதைப்பதில்லை.

அம்மா போய்ப் பக்கத்தில் தானும் குந்தி, ஒரு நாற்றை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "அக்கா, நாற்றுத்தான். பாருங்கோ, நாற்று."

பெரியம்மா எழும்ப நேரமெடுத்தது. எழும்பி அந்த நாற்றை வாங்கி, வேர்க்கட்டியை விரலால் அமத்திப் பார்த்தார். "எறிய முந்திச் சொல்லு பிள்ளை" என்றார்.

"ஓம் அக்கா. இப்ப எறியிறன்."

அம்மா எறிந்தார். அடுத்த பிடியைப் பெரியம்மா எறிந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவைத் தவிர எல்லோரும் சேற்றில் இறங்கியிருந்தார்கள். பெரியம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். சறுக்கிப்போட்டுது என்றார்கள். நம்பினேன்.

முதலில் நாற்றுகள் சாய்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐதாகக் கிடந்தன. கொக்கு நடந்துபோன இடம்மாதிரி இருக்கு என்றார் பெரியப்பா. பிறகு அவை நிமிர்ந்தன. ஒன்று பலவாகக் கிளைவிட்டு, தண்ணீர் தெரியாமல் வயலை மூடின. அறுவடையன்று பெரியப்பா எங்கள் கதிர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த போகத்துக்கு அந்தத் தட்டுகள் கிடைக்குமா என்று கேட்டார். அம்மாவிடம் அல்ல, அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லி என்னிடம்.

அதற்குப் பிறகு வேறு ஊர்களிலும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். பெரியம்மாவும் கூடப் போனார். கனகராயன்குளத்துக்குப் போனார்கள், நாயாற்றுப் பக்கம் போனார்கள். நாளடைவில் எறிந்து காட்டுகிறவர் பெரியம்மாவே ஆனார்.

பள்ளிக்கூட லீவில் ஒருமுறை என்னையும் நாயாற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். கடற்காற்று வீசுகிற வயல். பெரியம்மா உடனே எறியவில்லை. தட்டோடு வரம்பைச் சுற்றி நடந்து, வயதானவர்கள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு நாற்றைக் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு நடுவில் வந்து நின்று, "இப்ப மேல எறியப்போறன். விழப்போறது நாற்றுத்தான். வேற ஒண்டும் இல்லை" என்று உரத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டும்வரை கையை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார்.

எனக்குப் பொறுமை இல்லை. அவர் கையில் இருப்பது நாற்று என்று எல்லோருக்கும் தெரிகிறதே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன் பெரியம்மா ஒவ்வொருமுறையும் நாற்று நாற்று எண்டு சொல்லுறீங்கள்? அவையளுக்குக் கண் தெரியுந்தானே?"

பெரியம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். "சில பேருக்குச் சொல்லத்தான் வேணும்" என்றார். பிறகு என் தலையைத் தன் மடியில் சாய்த்துவிட்டார்.

பாவம், நாயாற்றுப் பக்கத்து ஆட்களுக்குக் கண்பார்வை குறைவு போல என்று நினைத்துக்கொண்டே நான் நித்திரையாகிப் போனேன்.