சஹனில் நான்காவது ஆள்

என் டைரியில் 2004 ஆகஸ்ட் 11, புதன்கிழமைக்கு நேராக ஒரே வரி: "உத்தமபாளையம் வந்து சேர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை."

துபாயில் விசா புதுப்பிக்க எடுத்த சோதனையில் காசநோய் என்று தெரிந்து என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பேசவும் தெம்பில்லை. வீட்டில் லீவு என்று சொல்லிவிட்டேன்.

மதியம் அக்கா வீட்டில் பிரியாணி. எங்கள் வழக்கப்படி சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்குத் தனித்தட்டு கேட்டேன்.

மச்சான் சிரித்தார். "ஏலே மாப்ளே, துபாய்க்காரவுகளுக்கு நம்ம கை பட்ட சோறு எறங்காதோ? இங்கன வந்து உக்காரு!"

அப்போதே சொல்லியிருக்கலாம். எல்லோரும் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்து, அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தேன். இருமல் அடங்கவில்லை. மச்சான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினார். கறித்துண்டை என் பக்கம் தள்ளினார்.

இந்த நோய் தட்டில் பரவாது, இருமும் காற்றில்தான் பரவும் என்று பிறகுதான் படித்தேன். தட்டுக்குப் பயந்த நான் பக்கத்தில் இருந்தவரை நினைக்கவில்லை.

மறுவருடம் மச்சானுக்கும் அதே நோய் வந்து, மருந்தில் குணமானது. என் நோய் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்னிடமிருந்துதான் தொற்றியதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.