பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'டிகிரி' என்று பெயர். வாங்கிய பட்டங்களை மெச்சி வைத்த பெயர் என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், அது கோணத்துக்கு வைத்த பெயர். யாருடைய முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து சொல்வதுதான் அவர் பிழைப்பு. பிழைப்பை வேலை செய்யும் இடத்தோடு விட்டுவிட்டு வருகிற மனிதரும் இல்லை. பேருந்துக்கு நிற்கும்போதுகூடக் கண் எதிரே போகிறவர்களின் காலில்தான் இருக்கும். ஒருமுறை இடுப்பைச் சாய்த்து நடந்த ஒருவர் பின்னாலேயே தெருக்கோடி வரை போய்விட்டார். அந்த ஆள் திரும்பி, போலீஸைக் கூப்பிடவா என்று கேட்ட பிறகுதான் இவருக்குத் தன் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் அவர் மனம்விட்டுப் பேசிய முதல் விஷயம், அவளுடைய வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்புகிறது என்பது. மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்காக அவர் ஒரு பயிற்சி முறை வகுத்திருந்தார். அதைச் செய்தவர்களை வரவழைத்து, காலில் அசைவைக் காட்டும் மினுங்கும் குண்டுமணிகளை ஒட்டி, கேமராக்களுக்கு நடுவில் சமதளத்தில் நடக்கவிட்டு அளப்பார். அளவுகள் தேவலோகத்து அளவுகளாக வந்துகொண்டிருந்தன. அவற்றிலும் மேலான அளவு, அதே அறுவை சிகிச்சை முடிந்து அதே பயிற்சியைச் செய்த அவருடைய சொந்த அக்காவுடையது. உடன்பிறந்தவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பதால், ஒரு விடுமுறை நாளில் அழைத்து வந்து தன் ஆசைக்கு அளந்து பார்த்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால், நடந்தது அக்கா இல்லை, அவர் பெற்ற குழந்தை என்று நினைத்திருப்பீர்கள்.

ஆனால் அந்த அக்காதான் இப்போது அவர் வீட்டுப் பக்கமே வருவதில்லை. லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி. வலியோடு இருந்த காலத்திலேயே ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டு ஏறி வந்தவள், கால் சரியான பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தாள். அன்று விருந்தாளிகள் முன்னால் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, இடது காலை இழுக்காதே, நேரா வை" என்று சொல்லிவிட்டார். அக்கா சிரித்தாள், காபி குடித்தாள், போனாள். அவ்வளவுதான். அதன் பிறகு எப்போது கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது, தலைவலி, அப்புறம் பார்க்கலாம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் கோபித்துக்கொண்டாள் என்ற நினைப்பே அவருக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. போய் நேரே கேட்கலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இதற்கிடையில் ஆய்வைப் பரிசீலித்த குழு ஒரு குண்டைப் போட்டது. அளவுகள் பிரமாதம், ஆனால் அந்தக் கால்களுக்கு உரிய மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது எங்கும் இல்லையே, அவர்களிடமும் பேசி, இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கொண்டுவாருங்கள் என்றது. அதற்காகப் பக்கத்துத் துறையிலிருந்து ஒரு பேராசிரியை வந்து சேர்ந்தார். மனிதர்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, பேச்சிலிருந்து ஆய்வு செய்கிறவர். டிகிரி அவருக்கு மனசுக்குள் 'கதைக்காரம்மா' என்று பெயர் வைத்தார்.

முதல் வாரம் கீரியும் பாம்பும்தான். 'பெரும்பாலோர் தயங்குகிறார்கள்' என்று அந்த அம்மா எழுதினால், பெரும்பாலோர் என்றால் எத்தனை பேர் என்று இவர் மடக்குவார். அந்த அம்மா விரலை விட்டு எண்ணிப் பார்த்து, கொஞ்சம் அசடு வழிந்து, திருத்திக்கொள்வார். பதிலுக்கு, ஆட்களிடம் பேசப் போகுமுன் வீட்டு மனிதர் யாரிடமாவது பழகிப் பாருங்கள் என்று இவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். டிகிரிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அக்காவைப் போய்ப் பார்க்க ஆய்வின் பெயரில் ஒரு சாக்குக் கிடைத்ததே.

அக்காவின் கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பரவாயில்லடா" என்றாள் அக்கா. நடப்பது? பரவாயில்லை. உட்கார்ந்து எழுவது? அதுவும் பரவாயில்லை. பேட்டி முடிந்தது. மூன்று பதிலுக்கும் 'நன்று' என்று மதிப்பெண் போட்டுக்கொண்டு, வாய் திறந்து கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார்.

பதிவைக் கேட்டு முடித்த கதைக்காரம்மா கருவியை அணைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், வீட்ல சாப்பிட்டுட்டு நீங்க 'பரவாயில்லை'ன்னு சொன்னா, உங்க வீட்டம்மா அதுக்கு எத்தனை மார்க் போட்டுப்பாங்க?"

டிகிரி ஒருமுறை அப்படிச் சொன்னதுண்டு. அடுத்த சில நாட்கள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தமே வேறாக இருந்தது. நல்லது என்பதற்கும் அதே சொல். மோசம்தான், நீ வருத்தப்படாதே என்பதற்கும் அதே சொல். அதைப் போய் எண்ணாக்கி வைத்திருக்கிறார். எந்தப் பரவாயில்லை என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், அது போதும் என்றார் அந்த அம்மா. டிகிரியைப் பொறுத்தவரை, தலைகீழாக நடக்கச் சொல்லியிருந்தால் அதுகூடச் சுலபம்.

மறுபடி போனார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றாள் அக்கா. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள்.

"இறங்கத்தான்டா முடியல" என்றாள்.

கடைசியாக அவர் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, பாதிப் படியில் முழங்கால் திடீரென்று கைவிட்டதாம். கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்து, திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். மேலே குரல் கொடுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே கீழே போயிருக்கிறாள். அன்றிலிருந்து படியைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வயசாகிவிட்டது, பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன் என்றாள்.

"ஏன்க்கா சொல்லல? நான் அத்தனை தடவை கேட்டேனே."

"நீ எங்கடா என்னைக் கேட்டே? முட்டியைக் கேட்டே. அதுவும் உனக்குப் பிடிச்ச பதிலாச் சொல்லிச்சு. அன்னைக்கு என்னை அளந்துட்டு நீ சந்தோஷப்பட்டதைப் பார்த்தப்புறம் நான் எந்த வாயாலடா சொல்றது?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அளக்கும் கருவியைத் தேடிப் பைக்குள் போன கையை வெளியே எடுத்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கதைக்காரம்மா மற்றவர்களின் பேச்சிலும் படி இறங்கும் கதையைத் தேடினார். தோண்டத் தோண்ட வந்தது. எத்தனை பேர் என்று இந்தத் தடவை அந்த அம்மாவே எண்ணி வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தின் மூலையில் மரத்தில் செய்த சின்னப் படிக்கட்டு ஒன்று உண்டு. எல்லோரும் அதில் பைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் அடுக்கியிருந்தார்கள். டப்பாக்களை இறக்கிவிட்டு அதில் ஆட்களை ஏற்றி இறக்கி அளந்தபோது பிடிபட்டது. முழங்கால் நன்றாகத்தான் மடங்கியது. ஆனால் இறங்கும்போது உடல் பாரத்தைத் தாங்கவேண்டிய தொடைத் தசை, பாதியில் தளர்ந்துபோனது. சமதளத்தில் அது தெரியவே தெரியாது. எங்கே அளப்பது என்று பேச்சு காட்டிக் கொடுத்தது. அளந்த பிறகு, பயம் என்று அவர்கள் சொன்னது வெறும் பயமில்லை என்று எண் காட்டிக் கொடுத்தது.

அக்காவையும் அழைத்து வந்து, அதே படியில் இறங்கவிட்டு அளந்து காட்டினார். திரையில் தளர்ந்து இறங்கிய கோட்டைத் தொட்டு, இது உன் பயமில்லை அக்கா, உன் தசை, நான் வகுத்த பயிற்சியில் இதற்கு ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது, இனிமேல் சேர்க்கிறேன் என்றார். அக்கா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். அப்போ நான் பயந்தாங்கொள்ளி இல்லையா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

மரப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாள் தொண்டையில் நின்றதை அவர் ஒருவழியாகக் கேட்டார்.

"அப்போ அன்னைக்கு விருந்தாளிங்க முன்னாடி காலை இழுக்காதேன்னு சொன்னேனே, அதுக்கு உனக்கு என் மேல கோபம் இல்லையாக்கா?"

பதிலுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோபம் வந்திருந்தா, தவழ்ந்தாவது மாடி ஏறி வந்து உன்னை நாலு வார்த்தை திட்டிட்டுல்லடா போயிருப்பேன்."