அவளுக்கு இன்னும் தெரியாது

கண்ணாடியில் படிந்த ஆவியை ஒரு பச்சைத் துண்டால் துடைத்துக்கொண்டே மச்சான் காடி ஓட்டினார். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர்; காடி என்றால் எங்கள் ஊரில் கார். பாலிங்கைத் தாண்டி கிரிக் மலைப்பாதையில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. சித்திரை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்து மழை வந்தால் லேசில் விடாது. முன்னால் மச்சானும் அக்காவும், பின்னால் நான். யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அந்த அமைதியே பிடிக்கவில்லை.

நான் சந்தேகப் பேர்வழி, ஒப்புக்கொள்கிறேன். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஆட்களின் பைகளைச் சோதிப்பதுதான் பதினொரு வருடமாக என் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லித் திட்டு வாங்கியவன். மச்சான் சுங்கை லாலாங் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து எனக்கும் சேர்த்தே சோறு போட்டவர். எனக்கு மூன்று வயதில் அம்மா எங்களை விட்டுப் போனபின் என்னை வளர்த்தவள் அக்காதான். வீட்டில் யாராவது அம்மாவின் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு தடவையாவது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"சும்மா ஒரு ஜாலான்-ஜாலான் தம்பி, மலையத் தாண்டி கிளந்தான் பக்கம் போய்ட்டு வரலாம்லா" என்று மச்சான் கூப்பிட்டபோதே எனக்கு மூக்கில் வியர்த்தது. நன்றாக ஓடும் சொந்தக் காடி வீட்டு வாசலில் நிற்கிறது. மூன்று பேருக்கு ஏழு பேர் உட்காரும் வாடகைக் காடி எதற்கு? என் பையைப் பின்பக்கம் வைக்கப் போனால், "அங்க வேணாம், காலியா இருக்கட்டும்" என்கிறார். பையை மடியில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனேன்.

கிரிக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார். அவர் கைப்பேசி அடித்தது. எங்களைப் பார்த்துவிட்டு, கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரத்துக்கு எழுந்து போனார். நான் கழிப்பறைக்குப் போவதுபோல் பின்னாலேயே போய் நின்றேன். கைப்பேசியில் ஒரு பெண் குரல். மச்சான் தணிந்த குரலில் மலாயில் சொன்னார்: "டியா பெலும் தாவு லாகி."

அவளுக்கு இன்னும் தெரியாது. மச்சானுக்கு எங்கோ இன்னொருத்தி இருக்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே அக்கா ஒன்றுமறியாமல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்க்கா. இதுக்கு மேல ஒரு அடி போக வேணாம். வீட்டுக்குத் திரும்பலாம்" என்றேன். அதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யாருடா சொன்னா?"

"யார் சொன்னா என்ன? அந்த மூஞ்சிய நான் பார்க்கணுமா?"

"அவ்வளவு வெறுப்பாடா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து வெளியே போய் மச்சானிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், காடியைத் திருப்பினார். வழிநெடுக அக்கா அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துதான் இருக்கிறது, பாவம், பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

இரண்டு மாதம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. "கூட்டிக்கிட்டுப் போனோம், நீதானே திரும்பச் சொன்னே" என்று அக்கா வெடித்து அழுதாள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அம்மா இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் மச்சான். சொன்னால் நான் வரமாட்டேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். பெரிய காடி, அம்மாவையும் அவளுடைய சக்கர நாற்காலியையும் ஏற்றிவர. கைப்பேசியில் பேசியவர் அந்த இல்லத்துத் தாதி. மலாயில் 'டியா' என்றால் அவனும் டியாதான், அவளும் டியாதான். தமிழில் நினைப்பவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நான் அவள் என்று எடுத்துக்கொண்டேன். மச்சான் சொன்னது என்னைப் பற்றி. அன்று அம்மாவுக்குத் தலைவாரி, புதுச் சேலை கட்டி, காலையிலிருந்தே வாசலில் உட்கார வைத்திருந்தார்களாம்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் சோற்றையே அளைந்துகொண்டிருந்ததை மச்சான் கவனித்துவிட்டார். "விடு தம்பி. பெத்தவ விட்டுட்டுப் போனா எந்தப் புள்ளைக்குத்தான் கோவம் வராது? உன்மேல தப்பு இல்ல" என்று சொல்லி, தன் பங்கு மீனையும் எடுத்து என் சோற்றில் வைத்தார். அவளைப் பார்க்க நானும் ஏங்கினேன் மச்சான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், பிறகு ஏன் திரும்பச் சொன்னாய் என்று கேட்பார்.