மதகடியில் நின்ற நேரம்

ஓட்டப் பந்தயக் கோட்டில் நின்றவர்கள்: மின்சாரப் பிரிவில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரன். சுரங்கத்துப் பெரிய மிஷினில் இருந்த மலையாளி. பட்டாளத்திலிருந்து வந்து வாட்ச்மேன் ஆனவர். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். தீயணைப்புக்காரர்கள் ஒரு கும்பல். கேன்டீனில் தோசை ஊற்றுகிறவன். அப்புறம் பேர் தெரியாத ஆட்கள். கடைசியில், ஓரமாக, நான்.

எனக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. தலை பாதி நரை. காலில் செருப்புகூட இல்லை.

"என்ன பெருசு, கைதட்டவா வந்தீரு?" என்றான் திருநெல்வேலிக்காரன்.

"ஓட."

"பாத்து ஓடும்வே. உம்மத் தூக்கிட்டு வாரதுக்கு ஸ்ட்ரெச்சர்காரனுவளும் ஓடத்தான் போறானுவ. ஆளு இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தமாஷ் நல்லாத்தான் இருந்தது.

தொழிலாளர் கிளப்பு வருஷா வருஷம் தை அறுப்பு முடிந்ததும் இந்த ஓட்டத்தை வைக்கும். மைதானத்தில் கிளம்பி, முந்திரித் தோப்பு வழியாக, ஏரிக்கரை மேலேறி, வயல் வரப்பில் சுற்றித் திரும்ப மைதானம். அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஓடியிருக்கிறேன். அந்த வருஷம்தான் ஒரு பேச்சு வந்தது. முதல் எட்டுப் பேரைக் கிளப்பு வெளியூர்ப் பந்தயத்துக்கு அனுப்பும், அதில் கான்ட்ராக்ட் ஆள் இருந்தால் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மேலே எழுதும் என்று. நான் கான்ட்ராக்ட். சுரங்கத்தில் ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற மண்ணை வாரிப் போடுகிற வேலை. கான்ட்ராக்டர் நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத வீடு.

எனக்கு ஓட்டம் கிளப்பு சொல்லிக் கொடுத்ததில்லை. ஊரில் ஆண்டை வீட்டில் யாராவது செத்தால் அவர்கள் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லிப் போவது எங்கள் வீட்டு வேலை. அப்பா போனார். அவருக்கு அப்புறம் நான். வடலூருக்கு ஓடியிருக்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஓடியிருக்கிறேன். பிணத்தை எடுப்பதற்குள் சனம் வந்து முகம் பார்க்க வேண்டும். அதனால் நடக்கக் கூடாது. கூலி ஒரு மரக்கால் நெல், பழைய வேட்டி. சைக்கிள் வைத்திருந்த ஆட்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் அது அவர்கள் வேலை இல்லை.

சுரங்க வேலைக்கு வந்தபின் அதை விட்டேன். தம்பி ஊரிலேயே ஆண்டை நிலத்தில் இருந்தான். குடிசை போட்டிருந்ததும் ஆண்டை மனையில். அவனுக்கு யானைக்கால்.

பழகுவதற்காகக் காலையில் வயல் பக்கம் ஓடுவேன். என்னைப் பார்த்ததும் நடவு நடுகிற பொம்பளைகள் நிமிர்ந்து, "யாரு போனது?" என்று கத்துவார்கள். எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஆம்பிளை ஓடினால் சாவு என்றுதான் அர்த்தம்.

"யாரும் சாவல. பந்தயத்துக்கு ஓடிக்கினு இருக்கேன்."

"உசுரோட இருக்கறவங்களுக்குக் கூடவா ஓடுவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அன்றைக்கு முந்திரித் தோப்பு வரைக்கும் பின்னால்தான் வந்தேன். மணலில் ஷூ போட்டவர்களுக்குக் கால் புதைந்தது. தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். ஏரிக்கரை ஏறும்போது எனக்கு முன்னால் ஆறு பேர். கொஞ்சம் பின்னால் திருநெல்வேலிக்காரன், அவனுக்கும் பின்னால் வாட்ச்மேன். நெஞ்சில் வலி இருந்தது. ஓட முடிகிற வலிதான்.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் எங்கள் ஊர் மதகு. அதன்மேல் ஆண்டையின் பெரிய மகன் தோளில் துண்டில்லாமல் நின்றிருந்தார். பந்தயம் பார்க்க வந்தார் என்று நினைத்தேன்.

"டேய், நில்றா."

நின்றேன். யோசித்து நிற்கவில்லை. கால் நின்றது.

"அப்பா போயிட்டாரு. சேத்தியாத்தோப்புல தங்கச்சி வூட்டுக்குச் சேதி போவணும். இப்பிடியே ஓடு."

"பந்தயத்துல இருக்கறேன், ஆண்டே."

"எந்தப் பக்கம் ஓடுனா என்னடா? ஓடறதுதானே உன் வேல?"

திருநெல்வேலிக்காரன் பக்கத்தில் வந்தான். "என்ன பெருசு, சொந்தக்காரரா? உக்காந்து பேசிட்டு வாரும்," என்று சொல்லிப் போய்விட்டான். பின்னாலேயே வாட்ச்மேன் போனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இப்ப சுரங்கத்து ஆளு, ஆண்டே," என்றேன். அவர் முகத்தைப் பார்த்து அதுவரைக்கும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "சரி. உன் தம்பி எந்த ஆளு?" என்றார்.

மதகைத் தாண்டி ஓடினேன். முன்னால் போனவர்களின் முதுகு கடைசி வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

மைதானத்தில் கிளப்பு செக்ரட்டரி எட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்துக் கையைக் குலுக்கினார். எட்டாவதாக நின்றவர் வாட்ச்மேன். எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். ரெண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. மண் வாரப் போனேன்.

நாலாம் நாள் தம்பி வந்தான். கூடப் பொண்டாட்டி, ஒரு மூட்டை, ஒரு கோழி. காலில் துணி சுற்றியிருந்தான். துணி நனைந்திருந்தது. நாங்கள் இருந்தது கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகை. என் வீட்டுக்காரி கஞ்சியை இன்னும் ரெண்டு தட்டில் ஊற்றினாள்.

சேதி சொல்ல அவனைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலோடு நடந்திருக்கிறான். அவன் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அந்த அம்மா வண்டி கட்டி வருவதற்குள் பிணத்தை எரித்துவிட்டார்கள். மகள் அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் தம்பியைக் களத்துக் கம்பத்தில் கட்டினார்கள். அதற்கு மறுநாள் குடிசையைப் பிரித்தார்கள்.

இதையெல்லாம் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னான். நெல் இத்தனை மூட்டை விளைந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னான். மதகில் நடந்ததை நானும் சொன்னேன். ஊரில் அதை அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"நீ போயிருந்தா நேரத்துக்குச் சேந்திருப்பே, அண்ணா," என்றான்.

"ஆமா."

தட்டைக் கீழே வைத்தான். காலை நீட்டித் துணியைப் பிரித்தான். என் வீட்டுக்காரி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். நான் ஊற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அப்புறம் கேட்டான்.

"அன்னிக்கி எத்தினியாவதா வந்தே?"

"ஒம்போது."