எனக்குக் கிடைக்காத கோச் வேலை

தலைமைக் கோச் வேலை எனக்கு இல்லை என்று எங்கள் கால்பந்து கிளப்பின் செயலாளர் போனில்தான் சொன்னார். ஒரகடத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், படப்பைக் கடைத்தெரு நெரிசலில் சிக்கி உட்கார்ந்திருந்தேன்.

"கோவளத்துல இருந்து ஒருத்தர் வர்றார் சார். உங்களைவிட வயசு கம்மிதான். ஆனா நல்லா பண்றார்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க கூட இருந்து பாத்துக்கணும்."

சரி என்று சொல்லி போனை வைத்தேன். அந்தக் கிளப்பில் பத்து வருடம் இடது பக்க பாக்காக, தடுப்பாட்டக்காரனாக ஆடியவன் நான். முழங்கால் போன பிறகு, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலையும் மாலையில் உதவிக் கோச்சுமாக ஓடிக்கொண்டிருந்தேன். கோச் உரிமத்துக்கான பயிற்சியையும் முடித்திருந்தேன். வருத்தம் வரத்தான் செய்தது. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, வருத்தத்தைவிட வேறொன்றுதான் மனதைக் குடைந்தது. அவரிடம் அப்படி என்ன இருக்கிறது? என்னிடம் இல்லாதது எது? பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் மைதானத்தில் பையன்கள் துக்கம் விசாரிப்பதுபோல் ஒவ்வொருவராக வந்தார்கள். கேப்டன் மட்டும் வெளிப்படையாகக் கேட்டான். "இன்னாண்ணா, உனக்குத்தானே குடுத்திருக்கணும்?"

"வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

புதுக் கோச் பைக்கில் வந்தார். முப்பதைத் தாண்டியிருக்கும். கடலோரத்து ஆள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. வந்ததும் பேச்சு எதுவும் இல்லை. பூட்ஸ் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பயிற்சியைப் பார்த்தார். முடிந்த பிறகு ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். எந்த பஸ்ஸில் வருகிறாய், என்ன வேலை, மதியம் எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டார். எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சாப்பாடு டெலிவரி செய்கிறவன், ஏசி மெக்கானிக், கல்லூரியில் படித்துக்கொண்டே துணிக்கடையில் நிற்கிறவன். கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். மரியாதைக்குக் கேட்கிறார், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. ஷிப்ட் முடித்து வருகிறவனைக் கடைசியில் ஓடவிட்டார். சாப்பிடாமல் வருகிறவனுக்குத் தன் பையிலிருந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

என்னை அவர் "அண்ணா" என்று கூப்பிட்டார். நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? "தம்பி" வாய்வரை வந்தது. பையன்கள் எதிரே அது சரிப்படாது என்று "கோச்" என்றேன். முதல் தடவை சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆட்டத்தில் அவர் கொண்டுவந்த பெரிய மாற்றம் கோல்கீப்பரைப் பற்றியது. அதுவரை எங்கள் கீப்பர் பந்து கைக்கு வந்தால் ஓங்கி உதைத்து அனுப்புவான். இனி அப்படி வேண்டாம், பந்தைக் காலாலேயே பக்கத்தில் நிற்கும் பாக்குக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றார் கோச்.

"அவனுக்குப் பழக்கமில்லை கோச்" என்றேன்.

"பழகிடுவான் அண்ணா."

மூன்றாவது ஆட்டம் மழைக்கு மறுநாள். மைதானம் சொதசொத என்று கிடந்தது. இடைவேளைக்குப் பிறகு எங்கள் பாக் பந்தைக் கீப்பரிடம் பின்னால் தள்ளினான். எதிரணிக்காரன் ஓடிவந்தான். கீப்பர் இடது காலால் தட்டப் பார்த்தான். பந்து சேற்றில் நின்றது. வந்தவன் அதை அப்படியே வலைக்குள் உருட்டிவிட்டுப் போனான். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ போனில் படமும் பிடித்தார்கள். கீப்பர் கிளவுஸைக் கழற்றி பெஞ்சில் போட்டுவிட்டு, எங்கள் வேனில் ஏறாமல் நடந்தே போய்விட்டான்.

அடுத்த பயிற்சிக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த பயிற்சிக்கும் வரவில்லை. போன் அணைத்துக் கிடந்தது. நான் ஆடிய காலத்துக் கோச்சாக இருந்தால், "கோவம் தீந்தா அவனே வருவான், விடு" என்றிருப்பார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவர் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"வாங்க அண்ணா, பெரும்பாக்கம் போய் அவனைப் பாத்துட்டு வரலாம்."

போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஆவல். இந்த ஆள் அங்கே போய் என்ன பேசப்போகிறார்? உற்சாகமூட்டுவாரா, திட்டுவாரா, கெஞ்சுவாரா? இதைத்தான் பார்க்க வேண்டும் என்று பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

குடியிருப்பில் லிப்ட் ஓடவில்லை. மாடி ஏறி வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தது கீப்பரின் மனைவி. நாவலூர்ப் பக்கம் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னா சார், இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? அந்த வீடியோவ இங்க எல்லாப் பசங்களும் வெச்சினு கீறானுங்க. காட்டிக் காட்டி சிரிக்கிறானுங்க. இது கீழ எறங்கவே மாட்டேங்குது. வேலைக்குப் போறதோட சரி. நீ சொல்லித்தானே சார் அப்பிடி ஆடுச்சு?"

கோச் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. "மழைம்மா, கிரவுண்டு ஈரம்மா" என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் என் கையை லேசாகத் தொட்டார். நிறுத்திக்கொண்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது தீர்ந்ததும் நகர்ந்து வழி விட்டாள்.

கீப்பர் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். நாங்களும் உட்கார்ந்தோம். டீ வந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்து முடித்த பிறகு கோச் கேட்டார்.

"நான் எங்கடா தப்பு பண்ணேன்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"எனக்கு இடது கால் வராது கோச். சின்ன வயசுல பைக்லேர்ந்து வியுந்து ஒடஞ்சது. நீ ரெண்டு காலுலயும் குடுன்ன. சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவியோன்னு சொல்லல."

"எனக்குத் தெரியாதுடா."

"அது தெரியும். நீ கேக்கலயே."

கோச் காலி டம்ளரைத் தரையில் வைத்தார். "ஆமா. எல்லார்கிட்டயும் என்ன சாப்ட்டேன்னு கேட்டேன். இத கேக்கல" என்றார். பிறகு, "செவ்வாக்கெழமை வா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வருகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்தான். எல்லோரையும் மைதானத்தின் நடுவில் உட்காரவைத்து கோச் சொன்னார். "அந்த கோலு இவனோடது இல்ல. என்னோடது. இவனால எது முடியும், எது முடியாதுன்னு கேக்காம ஒரு ஆட்டத்த இவன் தலையில வெச்சேன். இனிமே பாக் ரெண்டு பேரும் இவனோட வலது பக்கமா எறங்கி நில்லுங்க."

இனி இவர் பேச்சை யார் மதிப்பார்கள் என்று எனக்குள் ஓடியது. தப்பை ஒத்துக்கொண்ட கோச்சை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் கேப்டன் கையைத் தூக்கினான். "கோச், எனக்கும் ஒண்ணு கீது. ஹெட்டிங் பண்ணா தலை சுத்துது. கொஞ்ச நாளாவே." சொல்லிவிட்டுச் சிரித்தான். கோச் சிரிக்கவில்லை. மறுநாளே அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார்; கொஞ்ச நாளைக்குப் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்றார் டாக்டர். கேப்டன் பேசிய அன்றே இன்னும் இரண்டு பேர், பயிற்சி முடிந்ததும் தனியாக வந்து அவரிடம் எதையோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்பான மனுஷன், அதுதான் விஷயம். அடுத்த ஆட்டத்துக்கு அவர் அணியைச் சொன்னபோது அந்த எண்ணமும் கலைந்தது. கீப்பர் பெஞ்சில். இரண்டாவது கீப்பர்தான் ஆடப்போகிறான்.

"வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்து பெஞ்சுல உக்கார வெக்கிறீங்களே?" என்றேன்.

"கூப்பிடப் போனது அவனுக்காக அண்ணா. இது டீமுக்காக. அவன் இன்னும் பயந்துகிட்டுதான் இருக்கான். காலையிலயே அவன்கிட்ட சொல்லிட்டேன்."

சொன்னதால் அவன் சந்தோஷமாக இருந்தான் என்றில்லை. பூட்ஸ் பையை ஓங்கி ஒரு உதை விட்டான். ஆனால் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பயிற்சிக்கு வந்து, சுவரில் பந்தை அடித்து அடித்து வலது காலால் வாங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு கோச்சுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குவாக இருக்கும் என்று கேளம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் போன் செய்தேன்.

"டீம் யாரு கோச்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"நீங்க பாருங்க அண்ணா."

"கீப்பர் யாரு, அத மட்டும்..."

"நீங்கதானே அங்க இருக்கீங்க. நான் இங்க படுத்துகிட்டு என்னத்த சொல்றது?" குரல் தேய்ந்திருந்தது. வைத்துவிட்டார்.

மறுநாள் ஆட்டத்துக்கு நான்தான் தலைமைக் கோச். பயிற்சியைப் பார்த்துப் பார்த்து, பழைய கீப்பரையே இறக்கினேன். ஆட்டம் தொடங்கியதும் எனக்கு ஒன்று விளங்கியது. அதே கோட்டருகே எத்தனையோ ஆட்டங்களுக்கு நின்றிருக்கிறேன். ஆனால் ஏதாவது தவறினால் ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது என்னை அல்ல, பக்கத்தில் நிற்பவரை. இப்போது பதினோரு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதும் தெரியவில்லை.

இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். அது கீப்பர் தவறல்ல. நடுவில் ஆள் குறைந்து எதிரணி சுலபமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்களைப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். கத்துவதற்குத்தான் திறந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் இடைவேளையில் கத்தியவர்கள்தான். கீப்பர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கத்த வந்தது கேள்வியாக மாறிவிட்டது.

"உள்ள இன்னாடா நடக்குது? எனக்கு இங்கேர்ந்து சரியாத் தெரியல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கீப்பர் குரல்தான் மேலே கேட்டது. "அண்ணா, பின்னாலேர்ந்து பாத்தா எனக்கு நல்லாத் தெரியுது. அவனுங்க பத்தாம் நம்பரு சும்மா நின்னுகினு கீறான், யாரும் ஒட்டல. ஒரு ஆள அவனாண்ட வுடு."

விட்டேன். முன்னால் இருந்த ஒருவனைப் பின்னுக்கு இழுத்தேன். ஆட்டம் மாறியது. கடைசியில் கேப்டன் ஒரு கோல் அடித்தான். தலையால் அல்ல, காலால். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஜெயித்ததுபோல் கத்திக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

சாயங்காலம் கோச்சே போன் செய்தார். ஸ்கோர் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "என்ன மாத்தினீங்க? ஏன் மாத்தினீங்க?" என்று துருவித் துருவிக் கேட்டார். காய்ச்சலோடு இவ்வளவு பேசுகிறாரே என்று எனக்கே பாவமாக இருந்தது. உடம்பு தேறி வந்த அன்று, "அண்ணா, அத நீங்களே இவங்களுக்கு வரைஞ்சு காட்டுங்க" என்று என் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, பையன்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். மீதி ஆட்டங்களிலும் அதே அமைப்பில்தான் ஆடினோம். மேல் பிரிவுக்குப் போக முடியவில்லை. புள்ளிப் பட்டியலின் நடுவில் எங்கோ முடித்தோம். ஆனால் ஒருவனும் கிளப்பை விட்டுப் போகவில்லை.

செயலாளர் போன வாரம் பேசினார். மேடவாக்கத்தில் இன்னொரு அணி தொடங்குகிறார்களாம். அதற்குத் தலைமைக் கோச்சாக என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முன்பென்றால் யோசித்திருக்க மாட்டேன்.

பயிற்சி முடிந்து டீக்கடையில் நின்றபோது, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கோச்சிடம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அவனை பெஞ்சுல வெச்சீங்களே, அது சரிதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"தெரியலண்ணா. இப்பவும் தெரியல. யாராவது ஒருத்தர் முடிவெடுக்கணும்ல?"

நான் இன்னொரு டீ சொன்னேன்.